யாரு வூட்டுப் புள்ள நீ?

துண்டறிக்கையை நீட்டினால் யாரும் உடனே அதைப் படிப்பதில்லை. நீட்டியவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பஞ்சமி நிலம் தொடர்பான மனுக்களை ஜமாபந்திக்கு முன் தயார் செய்துவிட வேண்டும் என்று இந்தக் கோடையில் மதுராந்தகம், உத்திரமேரூர், வந்தவாசி வட்டாரத்தில் நாங்கள் நான்கு பேர் இரண்டு வண்டிகளில் சுற்றினோம். அறிக்கையில் அரசாணை எண் இருந்தது, தேதி இருந்தது, கேட்க வேண்டிய பதிவேடுகளின் பெயர்கள் இருந்தன. மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது. ஆனால் காலனிக்குள் கால் வைத்ததும் எல்லா ஊரிலும் வந்த முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது அல்ல.

"யாரு வூட்டுப் புள்ள நீ?"

இதே கேள்வியைக் கடைவீதியிலும் கேட்டார்கள், வேறு மாதிரி. டீ குடித்துவிட்டுக் காசு கொடுக்கும்போது, "தம்பி எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்கும் பதில் சொன்னால், "உங்க தெருவுல என்ன கோயில்?" மூன்றாவது பதிலில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். முகம் மாறும், அல்லது மாறாதது போல இருக்கும். சாதியின் பெயரை ஒருமுறையும் உச்சரிக்காமல் சாதியை விசாரிக்கும் கலை அது. காலனியில் கேட்கும்போது கேள்வி அதேதான், போகும் திசைதான் வேறு. அங்கே மூன்றாவது பதிலில் உறவு கிடைத்துவிடும். "அப்பிடின்னா எனக்கு நீ பேரப் புள்ள ஆவணும். உள்ள வா, வெயில்ல நிக்காத."

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் அறிக்கை வாங்கிய இளைஞர், எங்கள் மாமா ஒருவரிடம் லேத்து வேலை கற்றவராக இருந்தார். அச்சிறுப்பாக்கம் சாலையில் டயர் பஞ்சர் ஒட்டியவர் எங்களில் ஒருவருடைய சின்னம்மா வீட்டுக்குப் பெண் கொடுத்தவர், காசு வாங்கவில்லை. இப்படி நாளுக்கு இரண்டு உறவாவது முளைத்தது. முதலில் சிரித்துக்கொண்டோம். பிறகு அது வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. ஏன் என்று சொல்வதற்கு முன் நிலத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1891ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரெமென்ஹீர் என்ற ஆங்கிலேய அதிகாரி, இங்கிருந்த பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் ஓர் இரவில் குடிசையைக் காலி செய்யலாம், நிலம் இருந்தால்தான் இவர்கள் நிமிர முடியும் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 30.9.1892 தேதியிட்ட 1010/10-ஏ எண் அரசாணை. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கொடுத்த நிலத்துக்கு நிபந்தனைகள் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகு கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கே கைமாற்ற வேண்டும். மீறினால் அரசு அந்த நிலத்தை இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு 10.10.1994 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தலைமுறை நாங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டுப் பழைய 'அ' பதிவேட்டின் நகலை வாங்கினால், குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்று இருக்கும். 1980களில் வந்த யு.டி.ஆர். பதிவேட்டில் பல ஊர்களில் அந்த இரண்டு எழுத்துகளைக் காணோம். சரி, பழைய நகல் கையில் இருக்கிறதே என்று மகிழ்ந்தால் அடுத்த சிக்கல். புல எண்ணுக்கு எதிரே இருப்பது ஒரே ஒரு பெயர், சாதி ஒட்டோடு. தலைப்பெழுத்து கிடையாது, தகப்பன் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு சேரியில் முனியன் மூன்று பேர் இருப்பார்கள், சின்னப்பையன் நான்கு பேர். இதில் யார் யாருடைய தாத்தா? வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் "வாரிசு என்று நிரூபியுங்கள்" என்கிறார்கள். மீட்ட நிலம் வாரிசுக்கே திரும்ப வரும் என்று சட்டம் உறுதி தரவில்லை. அரசு வேறு நிலமற்ற ஆதிதிராவிடர் குடும்பத்துக்கும் ஒப்படைக்கலாம். என்றாலும் "இது எங்கள் பாட்டன் பேரில் இருந்த நிலம்" என்று ஒரு குடும்பம் முன்னே வந்து நிற்காவிட்டால், அந்தக் கோப்பை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இது எங்கள் அனுபவம்.

அந்த மூன்று முனியன்களைப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். முன்பு வெட்டியான் இருந்தார். சாவுச் சேதி சொல்ல ஊர் ஊராக நடந்தவர் அவர். எந்த வீட்டுப் பெண் எந்தச் சேரியில் வாழ்க்கைப்பட்டாள் என்பது அவருக்கு மனப்பாடம். நிலத்தின் எல்லைத் தகராறுகளைக்கூடச் சேரிக்காரரின் வாய்ச்சொல்லை வைத்துத் தீர்த்ததாக வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஊருக்காகச் சுமத்தப்பட்ட இழிவேலைதான். அது போனதில் வருத்தமில்லை. ஆனால் அந்த ஞாபகம் இப்போது எங்கே இருக்கிறது என்று தேடினால், வயதான பெண்களிடம் இருக்கிறது. "காது மந்தமா ஒருத்தர் இருந்தாரே, அந்த முனியன் எங்க பெரியப்பா. வெத்தல முனியன் மேலத் தெரு. இன்னொருத்தருக்குப் புள்ள இல்ல" என்று முறத்தில் அரிசி புடைத்தபடியே பிரித்துத் தருகிறார்கள். பட்டப்பெயர், யார் யாருக்கு சீர் செய்தார்கள், எந்தச் சாவுக்கு யார் வரவில்லை: இவைதான் அவர்களுடைய பதிவேடு. ஆகவே எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். அறிக்கையைப் பையில் வைத்துவிட்டு, "யாரு வூட்டுப் புள்ள" என்ற கேள்விக்கு முதலில் பொறுமையாகப் பதில் சொன்னோம்.

இன்னொன்றும் கவனித்தோம். எந்தக் காலனியிலும் "அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்" என்று பேச்சு தொடங்குவதில்லை. "எங்க தாத்தன் கள்ளுக்கு வித்துட்டான்." "எங்க பெரியப்பன் சூதாடித் தொலைச்சான்." "எங்க அத்த சீமந்தத்துக்கு அடமானம் வச்சது, மூழ்கிப் போச்சு." நிலம் போன கதையில் குற்றவாளி எப்போதும் சொந்த வீட்டுக்காரர்தான். நிலத்தை வைத்திருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. இரண்டு பக்கமும் ஒரே கதையைச் சொன்னால் நாம் எதைச் சந்தேகிப்பது?

மதுராந்தகத்திலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி ஒரு காலனி. மனு நிலுவையில் இருப்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பகல் பதினோரு மணி, அனல். நூறு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த மூதாட்டி ஒருவர் திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வழக்கமான கேள்வி. ஊரைச் சொன்னோம். அம்மா ஊர் எது என்றார். வந்தவாசிப் பக்கம் ஓர் ஊரைச் சொன்னோம். "அங்க யாரு?" எங்கள் ஆயா பெயரைச் சொன்னோம்.

அருவாமணையை நகர்த்தி வைத்தார். "உங்க ஆயாவுக்குப் பொறந்த ஊரு எது?"

அது எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆயா எப்போதும் "கெழக்கத்தி ஊரு" என்பார். அம்மாவையும் ஒருநாளும் அங்கே கூட்டிப்போனதில்லை. ஊரின் பெயர் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அதே பெயரில் இரண்டு வட்டங்களில் இரண்டு ஊர்கள் உண்டு. மற்றதாக இருக்கும் என்றே நினைத்து வந்திருக்கிறோம்.

"உங்க ஆயாவுக்கு எந்தக் கையில பச்ச?"

"இடது கையில. தேள்."

"தேளுதான். மூணு பேருக்கும் ஒரே நாள்ல குறத்தி வந்து குத்துனது. எங்கம்மாவுக்கு, எங்க மாமாவுக்கு, உங்க ஆயாவுக்கு." அவர் அம்மா, எங்கள் ஆயாவின் கூடப் பிறந்த அக்கா. ஆகவே திண்ணையில் இருந்தவர் எங்களுக்குப் பெரியம்மா.

கட்டிப்பிடித்து அழுதிருப்பார் என்று நினைப்பீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. "சின்னம்மா இருக்குதா?" என்று கேட்டார். இறந்து முப்பது வருடம் ஆகிறது என்றோம். "சொல்லி அனுப்பலியே" என்றார். சாவுக்குச் சொல்லாமல் விடுவதைவிடப் பெரிய அவமரியாதை எங்கள் பக்கத்தில் இல்லை. நாங்கள் அப்போது சிறு பிள்ளைகள் என்று சொன்னால் அது பதிலாகாது. தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்: "உங்க ஆயா கண்ணாலத்துக்குத்தான் அந்த நெலம் போச்சு."

எங்கள் பையில் அந்த ஊர்ப் பதிவேட்டின் நகல் இருந்தது. மூன்று ஏக்கர் சொச்சம், ஏரிப் பாய்ச்சல், 'டி.சி.' எதிரே இருந்த பெயர் எங்கள் கொள்ளுத் தாத்தாவுடையது. ஒரு வாரமாக அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருடைய பாட்டனோ என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பெரியம்மா தன் அம்மா சொல்லக் கேட்டதைச் சொன்னார். இளைய மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்த வருடம் மழை இல்லை. கொள்ளுத் தாத்தா இரண்டு மூட்டை நெல்லும் நூற்றைம்பது ரூபாயும் வாங்கிக்கொண்டு நிலத்தைப் போக்கியத்துக்குக் கொடுத்தார். கைரேகை வைத்தார். "பத்து வருசம் உழுதுக்கட்டும், கடன் தீந்துடும், நெலம் தானா வந்துடும்னு சொன்னாங்களாம்." வரவில்லை. பிற்பாடு கேட்கப் போனபோது அது கிரயம் என்று தாளைக் காட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. மூத்த மகளுக்கு அதில் ஓர் ஏக்கர் தருவதாக வாக்கு இருந்தது. மகனுக்கு உழ நிலமில்லாமல் தங்கவயலுக்குப் போனார், திரும்பவில்லை. அக்கா தங்கையோடு பேச்சை நிறுத்தினார். தங்கை பிறந்த ஊரின் பெயரையே சொல்வதை நிறுத்தினார். இன்று அந்த நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி. உள்ளே மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆயாவின் காலில் வெள்ளிக் கொலுசு இருந்தது. கல்யாணத்துக்கு அவர் அப்பா போட்டது என்று பெருமையாகச் சொல்வார். சாகும்வரை கழற்றவில்லை. அந்தக் கொலுசு எதிலிருந்து வந்தது என்பது எங்களுக்கு அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது.

கூட்டங்களில் நாங்கள் நன்றாகப் பேசுவோம். அன்று வாய் எழவில்லை. எங்களோடு வந்த தோழர்தான் நகலை எடுத்து விரித்து மெதுவாகச் சொன்னார். அம்மா, இது பஞ்சமி நிலம். வேறு சாதிக்காரருக்குப் போக்கியமும் கொடுக்க முடியாது, கிரயமும் செய்ய முடியாது. உங்கள் தாத்தா ரேகை வைத்தாலும் அது நிபந்தனையை மீறியதுதான். வாங்கியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கணக்குப்பிள்ளைக்கு நிச்சயம் தெரியும்.

பெரியம்மா நீண்ட நேரம் அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அப்ப போக்கியம் குடுத்ததே செல்லாதா?"

"செல்லாது பெரியம்மா."

"அப்ப எங்கம்மா எதுக்கு சாகுற வரிக்கும் தங்கச்சியோட பேசாம கெடந்துச்சு?"

எங்களிடம் அரசாணை எண் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அம்மாவுக்குக் கைபேசியில் அழைத்துக் கொடுத்தோம். எழுபதை நெருங்கும் வயதில் எங்கள் அம்மா "அக்கா" என்று ஒருவரை அழைத்ததை அன்றுதான் கேட்டோம். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முட்டிவலிக்கு என்ன தைலம், எத்தனை பிள்ளைகள், மருமகள் எப்படி, சாப்பிட்டாயா. அரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது.

உறவும் அரசியலும் இப்படிக் கலப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் தங்கையைத்தான் அயோத்திதாசப் பண்டிதர் மணந்தார். மைத்துனர்கள். ஒருவர் பௌத்தத்துக்குப் போனார், மற்றவர் வேறு வழியில் நின்று, அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். கருத்து வேறுபாடு இருந்தது, உறவும் இருந்தது. மேடையில் இருக்கும் படங்களைப் பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு அந்தத் தலைவர்கள் ஒரே குடும்பத்துப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

மனு எழுத உட்கார்ந்தபோது சண்டை வந்தது. வாரிசு வரிசையில் மூன்று கிளைகள்: மூத்த மகள், தங்கவயல் போன மகன், இளைய மகள். இளைய மகளின் கிளையில் எங்கள் அம்மா வருகிறார். "உங்க அம்மா பேர விட்டுடுங்க" என்றார் தோழர். "எதிர்ப்பக்க வக்கீல் முதல்ல அதைத்தான் பிடிப்பார். சொந்த நிலத்துக்காகத்தான் இயக்கம் நடத்துறாங்கன்னு சொல்வாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாங்களும் சரி என்றோம். அம்மாவும் தொலைபேசியில், "எனக்கு எதுக்குடா, அக்காவுக்கு வரட்டும்" என்றார். பெரியம்மா கேட்கவில்லை. மைப்பெட்டி மேல் கட்டைவிரலை வைக்காமல் கையை மடக்கிக்கொண்டார். "எங்க சின்னம்மா பேரு இல்லாம நான் ரேகை வெக்க மாட்டேன். ஒரு தாளுல ரேகை வச்சித்தான் இவ்வளவும் ஆச்சு. இதுல எல்லார் பேரும் இருக்கணும்." எழுதினோம்.

ஆகவே வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். மதுராந்தகம் வட்டத்தில் நிலுவையில் உள்ள பஞ்சமி மனுக்களில் ஒன்றில் எங்கள் அம்மாவின் பெயர் இருக்கிறது. இந்தப் பத்தியில் இனி நிலம் பற்றி நாங்கள் எழுதுவதை இது தெரிந்தே படியுங்கள்.

படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறோம். விடுமுறையில் ஆயாவிடம், பாட்டியிடம் உட்கார்ந்து, அவர்களுடைய அப்பா, தாத்தா பெயர்களை, பட்டப்பெயரோடு எழுதி வையுங்கள். எந்த ஊருக்கு யாரைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். யாரோடு பேச்சில்லை என்றும் கேளுங்கள். அங்கேதான் பெரும்பாலும் நிலம் இருக்கிறது. பழைய 'அ' பதிவேட்டின் நகலுக்குத் தகவல் உரிமை மனு போட்டால், பெயரைப் பொருத்திப் பார்க்க நாங்கள் வருகிறோம்.

எங்கள் மனுவில் ஒரு கிளை இன்னும் காலியாக இருக்கிறது. தங்கவயல் சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். லைன் வீடுகளில் இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்துகொண்டு பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வருகின்றன. பெரும்பாலும் வடஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். அடுத்த வாரம் பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டி பிடிக்கப் போகிறோம். கையில் இருப்பது ஒரு பெயர்தான், அதுவும் அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருந்த பெயர். கிளம்பும்போது பெரியம்மா வாசல்வரை வந்தார்.

"பேர சொன்னா தெரியாது. உங்க தாத்தா கையில தேளு இருந்துச்சான்னு கேளு."